நரம்பும் சுவாசமும்: மல்டிப்பிள் ஸ்கிளரோசிஸ் சிகிச்சை வரலாற்றில் வைரசுத் தொற்று

மருத்துவ வரலாற்றை நோய்களின் வரலாறாகவோ மருந்துகளின் வரலாறாகவோ எழுதுவதே பெருவழக்கு. ஒரு வினாவின் வரலாறாகவும் அதனை எழுதலாம். நரம்பு நோயுற்ற ஒருவருக்குத் தடிமனும் காய்ச்சலும் வந்தால் என்ன நேரும் என்பது அத்தகைய வினாக்களுள் ஒன்று. கொத்தமல்லிக் குடிநீரோடு மூன்று நாளிலே நாம் கடந்துவிடும் ஒரு சிறு நோய், மல்டிப்பிள் ஸ்கிளரோசிஸ் என்னும் நோயுடையார்க்கு ஏறத்தாழ நூற்றுநாற்பது ஆண்டுகளாக மருத்துவர் தம் சிந்தனையை ஈர்த்துவந்த பொருளாயிற்று. வினா ஒன்றே, ஆயினும் அதனைக் கேட்டவர்களின் அச்சம் காலந்தோறும் வேறுபட்டது. தொற்றே இந்நோயைத் தோற்றுவிக்கின்றது என முதலில் அஞ்சினர். தொற்று உறங்கும் நோயை எழுப்பிவிடும் எனப் பின்னர் அஞ்சினர். நோய்க்கெனத் தாம் கொடுக்கும் மருந்தே தொற்றுக்குக் கதவைத் திறந்துவிடுகின்றதோ என இறுதியில் அஞ்சினர். இவ்வச்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தவாற்றையும், 2020 ஆம் ஆண்டின் பெருந்தொற்று அவற்றை ஒருங்கே சோதித்தவாற்றையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயைப் பற்றிச் சில சொற்கள் முதலிற் கூறுதல் வேண்டும். மூளை, முண்ணாண், பார்வை நரம்பு ஆகியவற்றிலுள்ள நரம்பிழைகளை மயலின் என்னும் உறை போர்த்திருக்கின்றது. மின்கம்பிக்கு மேலுறை போன்றது அது. உடலைக் காக்கவேண்டிய நிர்ப்பீடனக் கலங்களே அவ்வுறையைத் தாக்கி அழிப்பது இந்நோயின் இயல்பு. உறை அழிந்த இடங்கள் நாளடைவில் வன்மையுற்றுத் தழும்பாகின்றன. பல இடங்களிலே காணப்படும் அவ்வன்மையே நோய்க்குப் பெயராயிற்று. பெரும்பாலும் இருபது முதல் நாற்பது வயதுக்குட்பட்டோரிடையே, ஆண்களிலும் பார்க்கப் பெண்களிடையே மிகுதியாக, இது தோன்றுகின்றது. பார்வை மங்குதல், கால் மரத்தல், நடை தளர்தல் முதலிய தாக்கங்கள் வந்து சில வாரங்களில் தணிந்து, மாதங்களோ ஆண்டுகளோ கழிந்தபின் மீண்டும் வருவது பெரும்பான்மையோரில் நோயின் முதற்கட்டம். இவ்வாறு மீளவருதலை மீள்தாக்கம் என்போம். சிலரிடத்தே அது பின்னர் இடைவிடாது முற்றிவரும் நிலையை அடைகின்றது. வடபுலக் குளிர்நாடுகளில் மிகுந்தும் நிலநடுக்கோட்டை அடுத்த நாடுகளில் அரிதாகவும் காணப்படுவதால், நம்மிடையே இதன் பெயர் கூடப் பலர் அறியாதது.

இந்நோயாளர் ஒருவர் தம் கைப்பட எழுதிய மிகப் பழைய குறிப்பு எனக் கருதப்படுவது, இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜோர்ஜின் பேரரான அகஸ்டஸ் டெஸ்டே என்பாரின் நாட்குறிப்பாகும். 1822 ஆம் ஆண்டு திசம்பரில், தந்தைபோல் தாம் நேசித்த உறவினர் ஒருவரைக் காண அவர் ஸ்கொட்லாந்து சென்றார். சென்றவிடத்து அவ்வுறவினர் இறந்திருந்தார். ஈமச்சடங்கு முடிந்த சிறிது காலத்தில் தம் கண்பார்வை மங்கியதை டெஸ்டே பதிவுசெய்துள்ளார். தாக்கமும் தணிவும் தளர்ச்சியுமாக 1846 வரை அந்நாட்குறிப்பு செல்கின்றது. 1848 இல் அவர் மறைந்தார். நோயாளர் தம் நோயின் தொடக்கத்தை வாழ்வின் ஏதேனும் ஒரு நிகழ்ச்சியோடு பிணைத்துக் காண்பது இயல்பு. டெஸ்டே துயரத்தோடு பிணைத்துக் கண்டார். அவருக்குப் பின்வந்த பலர் காய்ச்சலோடு பிணைத்துக் கண்டனர்.

1868 இல் பாரிசு நகரின் சல்பெத்ரியேர் மருத்துவமனையிலே சார்க்கோ இந்நோயைத் தனியொரு நோயாக வரையறுத்தார். அவருடைய மாணவர் பியர் மரி 1884 இல், தொற்றுநோய்களே இதற்குக் காரணம் என வாதிட்டார். நியூமோனியா, நெருப்புக்காய்ச்சல், அம்மை முதலியவற்றின் பின் இந்நோய் தோன்றியதாகக் கூறப்பட்டவர்களை அவர் சான்று காட்டினார். அக்காலச் சூழலை நாம் மறத்தலாகாது. பாஸ்டரும் கொக்கும் ஒவ்வொரு நோய்க்கும் ஒரு கிருமியைக் காட்டிக்கொண்டிருந்த காலம் அது. இந்நோயையும் ஒருநாள் தடுப்பு மருந்தால் வெல்லலாம் என்று மரி நம்பியதில் வியப்பில்லை. ஆயின், காய்ச்சல் வராத மனிதர் உலகில் இல்லை. எந்த நோய்க்கு முன்னும் ஏதோ ஒரு காய்ச்சலைக் கண்டுபிடித்துவிடலாம். ஒப்பீட்டுக்கு நலமுடையோர் குழுவொன்றை வைத்துக் கணக்கிடும் முறை அன்று மருத்துவர் கைக்கு வந்திருக்கவில்லை.

வைரசுகளை ஆராயும் கருவிகள் இருபதாம் நூற்றாண்டில் வந்தபின் அந்நம்பிக்கை புதுவடிவு பெற்றது. இந்நோயாளரின் குருதியில் சின்னமுத்து வைரசுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் மிகுந்திருப்பதை 1962 இல் இரு ஆய்வாளர்கள் காட்டினர். பரோத் தீவுகளில் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரித்தானியப் படையினர் தங்கியதன் பின்னரே இந்நோய் தோன்றியது என்று கேர்ட்சுக்கியும் ஹிலஸ்டெட்டும் 1979 இல் எழுதியது பெரும் விவாதத்தைக் கிளப்பிற்று. ஒன்றன்பின் ஒன்றாகப் பல வைரசுகள் குற்றக்கூண்டில் ஏற்றப்பட்டு, சான்றின்மையால் விடுவிக்கப்பட்டன. அப்பட்டியல் நீளமானது, இங்கே அதனை விரிப்பதால் பயனில்லை.

தொற்று நோயைத் தோற்றுவிக்கிறதா என்பதை விடுத்து, ஏற்கெனவே நோயுற்றாரை அது என்ன செய்கிறது என்று கேட்டவர்களே நம் பொருளுக்கு நெருங்கியவர்கள். அவர்களுள் தலையாயவர் வில்லியம் சிப்லி. ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் அவரும் அவர்தம் துணைவரும் 170 நோயாளரையும் 134 நலமுடையோரையும் எட்டு ஆண்டுகள், மாதந்தோறும் விசாரித்துவந்தனர். 1985 இல் வெளியான அம்முடிவுகள் இன்றும் படித்தற்குரியன. தொற்று வெளிப்படுவதற்கு இரு வாரங்கள் முன்தொடங்கி ஐந்து வாரங்கள் பின்வரையுள்ள காலத்தை ஆபத்துக்காலம் என அவர்கள் வகுத்தனர். அக்காலத்தில் மீள்தாக்க வீதம் ஏனைய காலத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்காயிருந்தது. தடிமன், இன்புளுவென்சா போன்ற வைரசுத் தொற்றுகளே இங்கு பெரும்பங்கு வகித்தன. ஆயினும் தொற்றுகளை எண்ணிப்பார்த்தால் அவற்றுள் 9 சதவீதமே மீள்தாக்கத்தோடு தொடர்புற்றிருந்தன; மீள்தாக்கங்களை எண்ணிப்பார்த்தால் அவற்றுள் 27 சதவீதம் தொற்றோடு தொடர்புற்றிருந்தன. இவ்விரு எண்களையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும். முதலெண் நோயாளருக்கு ஆறுதல். இரண்டாவது மருத்துவருக்கு எச்சரிக்கை.

அவ்வாய்விலே மற்றொரு செய்தியும் இருந்தது; அது அதிகம் பேசப்படவில்லை. நோயாளருக்கு வந்த தொற்றுகள் நலமுடையோர்க்கு வந்தவற்றைவிட 20 முதல் 50 சதவீதம் வரை குறைவாயிருந்தன. ஊனம் மிகமிக அவை மேலும் குறைந்தன. வீட்டுக்குள்ளேயே இருப்பவர் பிறரோடு கலப்பது குறைவு என்பதே இதற்கு எளிய விளக்கம். தொற்றின் எண்ணிக்கை வேறு, வந்த தொற்றின் கடுமை வேறு என்பதை இங்கேயே மனங்கொள்வது நன்று. பிற்காலத்தில் இவ்வேறுபாடே உயிர்ச்சேதத்தோடு தொடர்புடையதாயிற்று. பின்னர் 2002 இல் ரொட்டர்டாம் நகரில் 73 நோயாளரைத் தொடர்ந்து நோக்கிய ஆய்வும், தொற்றுக்காலத்து மீள்தாக்கம் மிகுதி என்றும் அத்தாக்கங்கள் நீடித்த சேதத்தை விட்டுச்செல்லக்கூடும் என்றும் காட்டிற்று.

காய்ச்சலின்போது இந்நோயாளர் தளர்வதெல்லாம் மீள்தாக்கம் ஆகாது என்பதையும் இவ்விடத்திற் கூறவேண்டும். உடற்பயிற்சியின்பின் இந்நோயாளரின் பார்வை மங்குவதை ஜேர்மானியக் கண்மருத்துவர் ஊத்தொவ் 1890 இல் விவரித்தார். உறையிழந்த நரம்பிழை வழியே மின்துடிப்பு அரிதின் முயன்று செல்கின்றது. உடல் வெப்பம் சிறிது கூடினும் அது இடையில் நின்றுவிடும். வெப்பம் தணிந்ததும் பழைய நிலை மீளும். புதிய தழும்பு எதுவும் ஏற்பட்டிராது. ஒரு காலத்தில் நோயாளரை வெந்நீர்த் தொட்டியில் அமர்த்திப் பார்த்து நோயை உறுதிசெய்யும் வழக்கமும் இருந்தது. இன்று அம்முறை கைவிடப்பட்டது.

இனி மருந்துக்கு வருவோம். 1957 இல் இலண்டன் மில் ஹில்லிலுள்ள தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்திலே அலிக் ஐசாக்ஸ் என்பாரும் சுவிட்சர்லாந்தினரான ஜோன் லின்டன்மானும் கோழி முட்டைச் சவ்வில் இன்புளுவென்சா வைரசைக் கொண்டு ஆராய்ந்துகொண்டிருந்தனர். வெப்பத்தாற் செயலிழக்கச் செய்த வைரசு பட்ட கலங்கள், உயிருள்ள வைரசு பெருகுவதைத் தடுக்கும் ஒரு பொருளைச் சுரந்தன. வைரசின் செயலிற் குறுக்கிடுவதால் அதற்கு இன்டர்பெரோன் எனப் பெயரிட்டனர். தடிமன் முதல் புற்றுநோய் வரை அனைத்தையும் அது தீர்க்கும் என்ற ஆரவாரம் அடுத்த கால்நூற்றாண்டு நிலவியது. தடிமனை அது தீர்க்கவில்லை.

ஆயின் நியூயோர்க் மாநிலத்துப் பபலோ நகரில் லோறன்ஸ் ஜேக்கப்ஸ் வேறொரு வழியிற் சிந்தித்தார். மூளையில் ஒளிந்திருக்கும் வைரசே ஸ்கிளரோசிசுக்குக் காரணம் எனில், வைரசை எதிர்க்கும் இப்பொருள் அதற்கு மருந்தாதல் வேண்டும். பீட்டா இன்டர்பெரோனை முண்ணாணைச் சூழ்ந்த பாய்மத்தினுள் ஊசிவழி செலுத்திப் பத்துப் பேருக்குக் கொடுத்துப் பார்த்தார். மற்றும் பத்துப் பேர் ஒப்பீட்டுக்கு. மீள்தாக்கங்கள் குறைந்தன என 1981 இல் அறிவித்தார். அதே சிந்தனையால் உந்தப்பட்டு வேறொரு குழுவினர் காமா இன்டர்பெரோனைக் கொடுத்துப் பார்த்தபோது விளைவு தலைகீழாயிற்று. 1987 இல் வெளியான அவ்வறிக்கையின்படி 18 நோயாளருள் எழுவர் சிகிச்சைக் காலத்திலேயே மீள்தாக்கத்துக்கு உள்ளாயினர். காமா வகை நிர்ப்பீடனக் கலங்களை மேலும் தூண்டிவிடுவது. பீட்டா வகை அவற்றை அடக்கும் இயல்பும் உடையது. வைரசு கொல்லி என்று கருதிக் கொடுத்த மருந்து, நிர்ப்பீடனத்தைச் சீர்செய்யும் மருந்தாகப் பயன்பட்டது. காரணம் பிழையாயிருக்கக் காரியம் சரியாக அமைந்த நிகழ்ச்சிகள் அறிவியல் வரலாற்றிற் பல உள. இதனைவிடத் தெளிவான ஒன்றை யான் அறியேன்.

1993 இல் பீட்டா இன்டர்பெரோன் ஐக்கிய அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்று, இந்நோயின் போக்கை மாற்றும் முதல் மருந்தாக விற்பனைக்கு வந்தது. மருந்து போதாமையால் தொடக்கத்தில் அதனை யார் பெறுவது என்பதைச் சீட்டுக்குலுக்கித் தீர்மானித்தனர். இம்மருந்தின் பக்கவிளைவு நம் பொருளோடு நேரே தொடர்புடையது: ஊசி ஏற்றிய சில மணிநேரத்தில் குளிர், காய்ச்சல், உடல்வலி. நமக்கு இன்புளுவென்சா வரும்போது உண்டாகும் அவத்தையிற் பெரும்பகுதி வைரசாலன்றி நம் உடல் சுரக்கும் இன்டர்பெரோன் முதலியவற்றால் விளைவதேயாம். வைரசே இன்றிக் காய்ச்சலின் அவத்தையைத் தாமே ஏற்றுக்கொண்டு நரம்பைக் காத்தவர்கள் அந்நோயாளர்கள்.

இதற்கிடையே தடுப்பூசி பற்றிய ஐயமும் வளர்ந்தது. 1976 இல் ஐக்கிய அமெரிக்காவில் பன்றி இன்புளுவென்சாவுக்கெதிராக நான்கு கோடிக்கு மேற்பட்டோர்க்கு ஊசி ஏற்றப்பட்டபோது, கியான்-பரே என்னும் நரம்பு நோய் சிலரிடம் தோன்றியதால் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. அது வேறு நோய். ஆயினும் நிர்ப்பீடனத்தைத் தூண்டும் எதுவும் ஸ்கிளரோசிசையும் தூண்டும் என்ற எண்ணம் மருத்துவரிடையேயும் பரவியிருந்தது. இதனால் இன்புளுவென்சாவை அஞ்சவேண்டியவர்களே அதன் தடுப்பூசியை அஞ்சி ஒதுங்கினர். 1997 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் நூற்றுச் சொச்சம் நோயாளரைக் குலுக்கல் முறையிற் பிரித்து, ஒரு பகுதியினர்க்கு இன்புளுவென்சாத் தடுப்பூசியும் மறுபகுதியினர்க்கு மருந்தற்ற ஊசியும் ஏற்றினர். ஊசியின் பின் இருபத்தெட்டு நாளில் மீள்தாக்கம் கண்டவர் முதற்பகுதியில் மூவர், இரண்டாவதில் இருவர். வேறுபாடு இல்லை எனலாம். 2001 இல் ஐரோப்பிய ஆய்வொன்றும் தடுப்பூசிகளுக்கும் மீள்தாக்கத்துக்கும் தொடர்பு காணவில்லை. ஆண்டுக்கொரு சிறிய ஊசியிலும் தொற்றே பெருங்கேடு என்பது இவ்வாறு நிறுவப்பட்டது. எனினும் ஐயம் முற்றாக ஒழியவில்லை. அச்சங்கள் சான்றுகளைவிட நெடுநாள் வாழ்வன.

புத்தாயிரத்தில் மருந்துகள் வலிமை பெற்றன. அவற்றோடு மூன்றாம் அச்சமும் வந்தது. நத்தலிசுமாப் என்னும் மருந்து நிர்ப்பீடனக் கலங்கள் குருதியிலிருந்து மூளைக்குள் நுழைவதைத் தடுப்பது. 2004 நவம்பரில் அங்கீகாரம் பெற்ற அது, மூளையில் ஜே.சி. வைரசு கிளர்ந்து உயிர்க்கேடு விளைத்ததால் 2005 பெப்ரவரியில் நிறுத்தப்பட்டு, கடும் கண்காணிப்போடு 2006 இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. 2010 இல் வந்த பிங்கோலிமொட் நிணநீர்க் கலங்களை நிணநீர்க் கணுக்களுக்குள்ளேயே சிறைவைப்பது. இவற்றினும் நம் பொருளுக்கு இன்றியமையாதவை பீ கலங்களை அழிக்கும் மருந்துகள். ரிட்டுக்சிமாப் 2008 இல் நிகழ்ந்த ஆய்வொன்றில் பெரும்பயன் காட்டியது. ஒக்ரிலிசுமாப் 2017 இல் அங்கீகாரம் பெற்றது. தொடக்கம் முதலே இடைவிடாது முற்றிவரும் நோய்வகைக்கு அங்கீகரிக்கப்பட்ட முதல் மருந்து இதுவேயாகும். ஆண்டுக்கு இருமுறை நாளம் வழி ஏற்றினால் போதும். அதன் சோதனைகளில் மேற்சுவாசத் தொற்று மருந்து பெற்றோரில் 40 சதவீதத்தினர்க்கும், ஒப்பீட்டுக்கு இன்டர்பெரோன் பெற்றோரில் 33 சதவீதத்தினர்க்கும் ஏற்பட்டது. பெரும்பாலானவை இலேசானவை. நரம்புக்குக் கிடைத்த பயனோடு ஒப்பிட்டால் இது சிறு விலை எனவே பலர் கருதினர்.

அவ்விலை உண்மையில் எவ்வளவு என்பதைச் சுவீடன் நாட்டின் தேசியப் பதிவேடுகள் காட்டின. மருத்துவமனையிற் சேர்க்கும் அளவுக்குக் கடுமையான தொற்றுகள், ஆயிரம் பேர்க்கு ஓராண்டில், பொதுமக்களிடையே 5.2, இன்டர்பெரோன் போன்ற பழைய ஊசிமருந்து பெற்றோரிடையே 8.9, நத்தலிசுமாப் பெற்றோரிடையே 11.4, பிங்கோலிமொட் பெற்றோரிடையே 14.3, ரிட்டுக்சிமாப் பெற்றோரிடையே 19.7 என 2019 இறுதியில் வெளியான அவ்வாய்வு கணக்கிட்டது. வெளியான சில மாதங்களில் உலகம் புதியதொரு சுவாச வைரசை எதிர்கொண்டது.

பீ கலங்களை இழந்தவர்க்குப் புதிய வைரசு ஏன் தனிச்சிக்கல் என்பது விளங்க, அம்மருந்தின் செயலை உற்றுநோக்கவேண்டும். அது பீ கலங்களின் மேற்பரப்பிலுள்ள ஒரு குறியைத் தேடி அழிப்பது. ஆனால் பிறபொருளெதிரிகளைச் சுரக்கும் முதிர்ந்த கலங்களில் அக்குறி இல்லை. அவை என்பு மச்சையில் தப்பியிருந்து பழைய தொழிலைத் தொடர்கின்றன. ஆதலால் சிறுவயதிற் கண்ட அம்மைக்கும் ஏற்றிய ஊசிகளுக்கும் எதிரான பாதுகாப்பு பெரிதும் நிலைக்கின்றது. புதிய பகைவனுக்கெதிராகப் புதிய படை திரட்டுவதே இயலாமற் போகின்றது. மருந்து ஆண்டுக்கணக்கில் நீடித்தால் பழைய பிறபொருளெதிரிகளும் சிறிது சிறிதாகக் குறைகின்றன. வழக்கமான தடிமன்களை ஓரளவு தாங்கிய ஓர் உடல், முன் எவரும் கண்டிராத வைரசு ஒன்றினிடம் தோற்கலாம் என்பது இதனாற் பெறப்படும்.

2020 மார்ச்சில் மருத்துவர் முன் நின்ற நெருக்கடி இதுவே. மருந்தை நிறுத்தினால் நரம்பு கெடும். தொடர்ந்தால் சுவாசம் கெடலாம். அடுத்த மருந்தேற்றத்தைப் பின்போடும்படி பலவிடத்தும் அறிவுறுத்தப்பட்டது; மனம்போனபடி மருந்தை விட்டோரும் இருந்தனர். இத்தாலியிலிருந்து முதலில் வந்த செய்தி எதிர்பாராதது. பிறப்பிலேயே பீ கலங்கள் இல்லாத சிலர் கோவிட்-19 இலிருந்து தேறியெழுந்தனர். பீ கலங்கள் இல்லாமை நன்மையோ என்று கூடச் சிலர் எண்ணினர். சிலரைக் கண்டு பலரைப் பற்றித் தீர்மானிக்கும் பழைய வழக்கம், பியர் மரியின் காலத்தோடு ஒழிந்துவிடவில்லை.

ஜெனோவாப் பல்கலைக்கழகத்தின் புள்ளிவிபரவியலாளர் மரியா பியா சோர்மானியின் தலைமையில் இத்தாலியின் நோயாளர் விபரங்கள் திரட்டப்பட்டன. கோவிட்-19 உறுதிப்பட்டோரும் ஐயுறப்பட்டோருமாக 844 பேரைப் பற்றிய ஆய்வு 2021 இல் வெளிவந்தது. பீ கலங்களை அழிக்கும் மருந்து பெற்றோர்க்குக் கடுமையான நோய் ஏற்படும் வாய்ப்பு விகிதம் 2.37 ஆக இருந்தது. மீள்தாக்கத்தைத் தணிக்க வழக்கமாகக் கொடுக்கும் மெதில்பிரெட்னிசொலோன் என்னும் ஸ்டீரோயிட்டு மருந்தை அண்மைய ஒரு மாதத்திற் பெற்றவர்க்கு அது 5.24 ஆக இருந்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த டெக்சாமெதசோன், ஒட்சிசன் தேவைப்படும் நிலையிலுள்ளோரின் மரணத்தைக் குறைக்கிறதென 2020 யூனிலே பிரித்தானிய ஆய்வொன்று காட்டியிருந்தது. முரண்போலத் தோன்றும் இதில் முரணில்லை. தொற்றுக்கு முன் கொடுத்தால் வைரசு பெருக இடமளிக்கும். பின்னர், உடலின் எதிர்வினையே நுரையீரலை அழிக்கும் கட்டத்திற் கொடுத்தால், அவ்வழிவைத் தடுக்கும். ஒரே பொருள் எப்போது கொடுக்கப்படுகின்றது என்பதில் எல்லாம் தங்கியுள்ளது.

இவ்வாய்வின் மற்றொரு கணக்கு என் மனத்தை மிகவும் பற்றியது. 844 பேருள் இறந்தவர் 13 பேர். அவர்களுள் 11 பேர் நோய் இடைவிடாது முற்றிவரும் கட்டத்தினர். எண்மர் நோய்க்கு எவ்வித மருந்தும் பெறாதவர். மருந்தே கேடு என்று அஞ்சி அதனை நிறுத்தியவர்கள் இவ்வெண்களை அன்று கண்டிருக்கவில்லை. பிரான்சில் 347 நோயாளரை ஆராய்ந்த குழுவும் வயது, உடற்பருமன், ஊனத்தின் அளவு ஆகியவற்றையே கடுமைக்குரிய முதற்காரணங்களாகக் கண்டது. நடக்கவியலாதவரின் மூச்சுத் தசைகளும் தளர்ந்திருக்கும். இருமிச் சளியை வெளியேற்றும் வலு குறைந்திருக்கும். விழுங்குகையில் உணவு சுவாசக்குழாயிற் புகுவதும் நேரும். சிப்லியின் நோயாளருள் ஊனம் மிக்கவர்க்குத் தடிமன் குறைவாக வந்ததை மேலே கண்டோம். வந்தபோது அதைத் தாங்கும் வலு அவர்களிடம் இல்லை என்பது நோயெண்ணிக்கையிற் புலப்படாதது. மரண எண்ணிக்கையிற் புலப்பட்டது. ஊனத்தைத் தடுக்கும் மருந்து, ஒரு வகையில், நாளைய நுரையீரலையும் காக்கும் மருந்தாகும். இன்று அது தொற்றுக்குச் சிறிது இடமளிக்கின்றது என்பதும் உண்மையே. இரண்டையும் ஒரே தராசில் இடுதல் எளிதன்று. ஒன்று இவ்வாண்டின் கணக்கு, மற்றது இருபதாண்டின் கணக்கு.

இன்டர்பெரோனும் இக்காலத்திலே மீண்டும் அரங்கேறியது. கடுமையான கோவிட் நியூமோனியாவுற்ற 987 பேருள் 101 பேரின் குருதியில், தம் சொந்த இன்டர்பெரோனையே முடக்கும் பிறபொருளெதிரிகள் இருந்தமை 2020 இல் வெளிப்பட்டது. ஐசாக்சும் லின்டன்மானும் முட்டைச் சவ்வில் கண்ட பொருள் மனிதச் சுவாசத்துக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. பின்னர் வந்த பெரிய இத்தாலிய ஆய்வுகளில், பீட்டா இன்டர்பெரோன் பெற்றுவந்த ஸ்கிளரோசிஸ் நோயாளர்க்குக் கடுமையான கோவிட் குறைவாகவே காணப்பட்டது. ஆயினும் மருத்துவமனையிற் சேர்ந்தபின் அதனைக் கொடுத்துப் பார்த்த உலக சுகாதார நிறுவனத்தின் பெருஞ்சோதனையில் பயன் எதுவும் தெரியவில்லை. இங்கும் காலமே தீர்ப்பாளர்.

தடுப்பூசிகள் வந்தபோது மூன்று அச்சங்களும் ஓரிடத்திற் கூடின. ஊசி மீள்தாக்கத்தைக் கிளப்பும் என்ற பழைய ஐயம் இம்முறை விரைவிலேயே தணிந்தது. ஊசி பயன்படுமா என்பதே பெருவினாவாயிற்று. இசுரேலில் 2021 இல் வெளியான ஆய்வொன்றில், மருந்து பெறாத நோயாளர் அனைவரும் போதிய பிறபொருளெதிரிகளை உண்டாக்கினர். ஒக்ரிலிசுமாப் பெற்றோருள் 22.7 சதவீதத்தினரும் பிங்கோலிமொட் பெற்றோருள் 3.8 சதவீதத்தினருமே அவ்வாறு செய்தனர். ஆனால் பிலடெல்பியாவில் நிகழ்ந்த ஆய்வு மறுபக்கத்தைக் காட்டிற்று: பீ கலங்கள் இல்லாதோரிடத்தும் ரீ கலங்கள் ஊசிக்கு நன்கு மறுமொழி அளித்தன. முதல் அரண் இல்லாவிடினும் இரண்டாம் அரண் நின்றது. தொற்றைத் தடுக்க அது போதாதாயினும் மரணத்தை ஓரளவு தடுக்கும். மருந்தேற்றத்துக்கு முன்னரே ஊசியை முடித்துக்கொள்க, இயலாவிடின் அடுத்த ஏற்றத்துக்கு அண்மித்த காலத்திற் பெறுக என்னும் நடைமுறை இவ்வனுபவத்தால் உறுதிப்பட்டது. இன்புளுவென்சா ஊசிக்கும் இன்று இதுவே விதி.

மரியின் கனவும் எதிர்பாராத வழியில் ஒருபாதி மெய்யாயிற்று. ஐக்கிய அமெரிக்காவின் படையினர் ஒரு கோடிப்பேரின் பதிவுகளையும் சேமித்த குருதியையும் ஆராய்ந்த ஹாவர்ட் குழுவினர், எப்ஸ்டைன்-பார் வைரசுத் தொற்றின்பின் ஸ்கிளரோசிஸ் ஏற்படும் வாய்ப்பு 32 மடங்காவதை 2022 இல் காட்டினர். உமிழ்நீர் வழி பரவும் அவ்வைரசு வாழ்நாள் முழுவதும் தங்கியிருப்பது பீ கலங்களிலே. அக்கலங்களை அழிக்கும் மருந்து ஏன் இத்துணைப் பயன் தருகிறது என்பதற்கு இது விளக்கமாகுமா என்பது இன்னும் தீராத விவாதம்.

பெருந்தொற்றின் அவசரநிலை முடிந்ததாக 2023 மே மாதம் அறிவிக்கப்பட்டது. மருத்துவர் முன்னுள்ள வினா இப்போது வயதைப் பற்றியதாக மாறியுள்ளது. 1990 களில் இளமையில் மருந்து தொடங்கிய முதல் தலைமுறையினர் முதுமை எய்திவிட்டனர். முதுமையில் மீள்தாக்கம் இயல்பாகவே குறைகின்றது. சுவாசத் தொற்றின் ஆபத்தோ ஏறுகின்றது. மருந்தை எப்போது நிறுத்தலாம்? ஐம்பத்தைந்து வயது கடந்து, பல ஆண்டுகள் மீள்தாக்கமின்றி இருந்த 259 பேரை அமெரிக்க ஆய்வாளர்கள் இரு கூறாக்கி, ஒரு கூறினரை மருந்தை நிறுத்தச் செய்தனர். 2023 இல் வெளியான முடிவின்படி, தொடர்ந்தவர்களுள் 4.7 சதவீதத்தினரிடமும் நிறுத்தியவர்களுள் 12.2 சதவீதத்தினரிடமும் நோய் மீண்டும் தலைகாட்டியது. தலைகாட்டியது என்றாலும் பெரும்பாலோரிடம் அது மூளைப் படத்தில் மட்டும் தெரிந்த ஓரிரு புதிய புள்ளிகளே. அவர்கள் அதனை உடலில் உணரவில்லை. அவ்வாய்விற் பங்குபற்றியோருட் பெரும்பாலோர் இன்டர்பெரோன் போன்ற பழைய மருந்துகளைப் பெற்றவர்கள். பீ கலங்களை அழிக்கும் மருந்தோடு முதுமையை நோக்கிச் செல்பவர்களுக்கான கணக்கு இனித்தான் எழுதப்படவேண்டும்.